ஜாபுவாவில் நாலு ‘ஸார்’, ஏழு ‘ஹாத்’: பீலி மொழியில் ஸ இருக்கிறதா இல்லையா?

நர்மதைக்கரை (கேள்வி)

வணக்கம். ஊர் திண்டுக்கல் பக்கம், வேலை ஒரு வங்கியில். எட்டு மாதமாக மத்தியப் பிரதேசத்தில் ஜாபுவா மாவட்டத்தில் இருக்கிறேன். இங்கே கவுண்ட்டருக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் பீல் மக்கள், வீட்டில் பேசுவது பீலி. என் இந்தியே அரைகுறை, அதனால் முதல் இரண்டு மாதம் எதைக் கேட்டாலும் ஒன்றும் பிடிபடவில்லை, இப்போதுதான் காது கொஞ்சம் பழகியிருக்கிறது.

போன மாதம் ஒரு அம்மா பணம் எடுக்க வந்தார். எவ்வளவு என்று கேட்டேன், “ஸார் ஹோ” என்றார். என்னைத்தான் சார் என்கிறார் என்று நினைத்து மறுபடி கேட்டேன், மறுபடியும் “ஸார் ஹோ”. மூன்றாவது முறை கேட்டதும் அவர் முகம் வாடிவிட்டது. வரிசையில் பின்னால் நின்ற பையன் முன்னால் வந்து, நானூறு கேட்கிறார் என்று இந்தியில் சொன்னான். நாலுக்கு ‘ஸார்’, நூறுக்கு ‘ஹோ’. அதே நாளில் டோக்கன் ஏழு வைத்திருந்த பெரியவர் சீட்டைக் காட்டி “ஹாத்” என்றார். இந்தியில் நாலு ‘ச்சார்’, ஏழு ‘ஸாத்’.

கூட வேலை பார்க்கும் ஒருவரிடம் கேட்டேன். “இவங்களுக்கு ஸ வராது, நாக்கு திரும்பாது, அதான் ஸாத்தை ஹாத் என்கிறார்கள்” என்று சர்வசாதாரணமாகச் சொன்னார். நானும் இரண்டு நாள் அதை நம்பினேன். அப்புறம்தான் உறைத்தது, அந்த அம்மா நாலுக்கு ‘ஸார்’ என்று சொன்னபோது ஸ சுத்தமாக வந்ததே! ஸ வராத நாக்கில் அது மட்டும் எப்படி வந்தது? வருகிற ஒலியை வர வேண்டிய இடத்தில் விட்டுவிட்டு வேறு இடத்தில் ஏன் போடுகிறார்கள்?

(இங்கே நான் ‘ச்சார்’ என்று எழுதினால் ‘பச்சை’யில் வரும் ச். ‘ஸார்’ என்றால் ‘பஸ்’ஸில் வரும் ஸ். தமிழில் எழுதும்போது இரண்டும் குழம்புவதால் சொல்லிவிடுகிறேன்.)

இன்னும் இரண்டு கேள்வி. பீலி என்பது இந்தியின் கிளையா, குஜராத்தியா, தனி மொழியா? ‘வில்’ என்ற சொல்தான் ‘பீல்’ ஆனது, அதனால் இது திராவிட மொழி என்று ஒரு நண்பர் வாட்ஸப்பில் அனுப்பியிருக்கிறார், உண்மையா? தேடினால் மயிற்பீலிதான் வருகிறது, பீலி மொழி பற்றித் தமிழில் ஒன்றும் அகப்படவில்லை.

ஓலைக்கணக்கன்

நல்ல காது உங்களுக்கு. கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது. உங்கள் நண்பர் சொன்ன ‘நாக்கு திரும்பாது’ சுத்தமாகத் தவறு, அதற்கு அந்த அம்மாவின் ‘ஸார்’ ஒன்றே சாட்சி.

நடந்தது இதுதான். பீலி இந்தோ-ஆரிய மொழி, மேற்குக் கிளை. குஜராத்திக்கும் ராஜஸ்தானிப் பேச்சுகளுக்கும் நெருங்கிய உறவு, தெற்கே போகப்போக மராத்தியின் சாயலும் சேரும். அக்கம்பக்க மொழிகளில் ச், ஸ், ஹ என்று மூன்று ஒலிகள் இருக்கும் இடங்களில் பீலியின் பல பேச்சுவகைகளில் மூன்றும் ஒவ்வொரு படி நகர்ந்திருக்கின்றன. ச் இருந்த இடத்தில் ஸ், ஸ் இருந்த இடத்தில் ஹ, ஹ இருந்த இடத்தில் பல சொற்களில் ஒன்றுமே இல்லை. அதனால் ச்சார் (நாலு) ஸார் ஆனது, ஸாத் (ஏழு) ஹாத் ஆனது, ஹாத் (கை) ஆத் ஆனது. கையில் வரும் த் மூச்சு சேர்ந்த த், ஏழில் வருவது வெறும் த். தமிழ் எழுத்தில் அந்த வித்தியாசம் தெரியாது.

உங்கள் கவுண்ட்டர் வரிசையையே நினைத்துக்கொள்ளுங்கள். முன்னால் நிற்பவர் வேலை முடிந்து போகிறார், இரண்டாமவர் அவர் இடத்துக்கு வருகிறார், மூன்றாமவர் இரண்டாமவர் இடத்துக்கு. யாரும் யார் மேலும் மோதவில்லை. இதில் எனக்கு மிகவும் பிடித்தது இந்த மோதாமைதான். ஹ முதலில் விலகியிருக்கா விட்டால் ஸ் அங்கே போய் ஹவோடு கலந்திருக்கும். ஸ் நகர்வதற்கு முன்பே ச் வந்து ஸ் ஆகியிருந்தால், அப்புறம் எல்லா ஸ்ஸும் ஒன்றாக ஹ ஆகி, நாலும் ‘ஹார்’, ஏழும் ‘ஹாத்’ என்று ஒரே ஒலியில் தொடங்கியிருக்கும். பீலியில் அப்படி ஆகவில்லை. மூன்று ஒலி மூன்று இடத்தில் தனித்தனியாக நிற்கிறது, இடம்தான் மாறியிருக்கிறது. கட்டுப்பாடு இல்லாத பேச்சில் இவ்வளவு ஒழுங்கு வருமா? நூறு (ஸோ என்பது ஹோ), மாமியார் (ஸாஸு என்பது ஹாஹு), நல்லது (ஸாரு என்பது ஹாரு) என்று எந்தச் சொல்லை எடுத்தாலும் ஒரே சட்டம்தான் ஓடுகிறது.

ஸ் ஏன் ஹ ஆகிறது என்று கேட்பீர்கள். ஸ் சொல்ல நாக்கு நுனி பல்லருகே போய் ஒரு சின்ன இடுக்கை உண்டாக்க வேண்டும், காற்று அதில் உரசிக்கொண்டு வரும். நாக்கைக் கொஞ்சம் தளரவிட்டால் உரசல் போய் தொண்டையிலிருந்து வரும் மூச்சு மட்டும் மிஞ்சும், அதுதான் ஹ. அதையும் தளர்த்தினால் ஒன்றுமில்லை. இந்த முழுப் பாதையும் நமக்கு நன்றாகத் தெரிந்த ஒரு சொல்லில் இருக்கிறது. ஸிந்து நதியைப் பாரசீகர் ஹிந்து என்றார்கள், கிரேக்கர் வாயில் அந்த ஹவும் போய் இந்தோஸ் ஆனது, அதிலிருந்துதான் இந்தியா. நாட்டின் பெயரே இந்த மாற்றத்தில் பிறந்தது, பீல் மக்கள் மாற்றினால் மட்டும் நாக்கு திரும்பாது என்பதா?

தமிழிலும் இது நடந்திருக்கிறது. ‘சட்டை’ என்று சொல்லிப் பாருங்கள், முதலில் ஸ் வரும். ‘பச்சை’யில் ச் வரும். சொல்லின் முதலில் இருந்த ச் பேச்சில் ஸ் ஆகிவிட்டது, பீலியின் ச்சார் ஸார் ஆனது போலவே. இதற்கும் வெகு முன்னால், மூலத் திராவிடத்தில் சொல்முதலில் இருந்த சகரம் தமிழில் பல சொற்களில் அடியோடு விழுந்துவிட்டது. நாம் ‘ஆறு’ என்கிற எண்ணுக்கு, மத்திய இந்தியாவில் பேசும் திராவிட மொழியான கோண்டியில் ‘ஸாருங்’. நம் ‘உப்பு’க்கு அங்கே ‘ஸோவர்’. அதே கோண்டியின் வேறு வட்டாரங்களில் ‘ஹாருங்’, ‘ஆருங்’ என்றும், ‘ஹோவர்’, ‘ஓவர்’ என்றும் மூன்று படியும் இன்றைக்கும் உயிரோடு கேட்கும். திராவிட மொழியியலாளர் பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி இந்தக் கோண்டி மாற்றத்தை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். நாம் ‘ஆறு’ என்பதை யாரும் நாக்குக் குறை என்று சொல்வதில்லையே.

மொழியா கிளையா என்ற கேள்விக்கு: ஆங்கிலேயர் ஆட்சியில் கிரியர்சன் தலைமையில் நடந்த இந்திய மொழி அளவாய்வில் ஒன்பதாம் தொகுதியின் மூன்றாம் பகுதி ‘பீல் மொழிகள்’ என்ற தலைப்பில், காந்தேசி, பஞ்சாரி போன்றவற்றையும் சேர்த்து, 1907இல் வந்தது. ‘மொழிகள்’ என்று பன்மையில் சொன்னதைக் கவனியுங்கள். ஊதாரி மகன் கதையை ஒவ்வொரு பேச்சுவகையிலும் சொல்லவைத்துப் பதிவு செய்தார்கள், ஒரே கதை என்பதால் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஊருக்கு ஊர் எந்த ஒலி எங்கே மாறுகிறது என்று தெரியும். 2011 கணக்கெடுப்பில் ‘பீலி/பிலோடி’ என்ற தலைப்பின் கீழ் 1,04,13,637 பேர். அந்தத் தலைப்புக்குள் வாகடி, பிலாலி, பாவ்ரி, மாவ்சி, காமித் என்று ஒரு பெரிய குடும்பமே அடங்கும். ஒரு கோடிக்கு மேல் ஆள் இருந்தும் அரசமைப்புச் சட்டத்தின் எட்டாவது அட்டவணையின் 22 மொழிகளில் இது இல்லை. அதே கணக்கெடுப்பில் 24,821 பேர் தாய்மொழியாகச் சொன்ன சமஸ்கிருதம் இருக்கிறது. சமஸ்கிருதம் இருப்பதில் எனக்கு வருத்தமில்லை, பீலி இல்லாததில்தான் வருத்தம்.

சபர்மதித் தமிழ்

நான் பிறந்து வளர்ந்தது அகமதாபாத், அப்பா அங்கே மில்லில் வேலை பார்த்தார். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். இந்த மாற்றம் பீல் மக்களுக்கு மட்டும் உரியது இல்லை. வடக்கு குஜராத்தின் மேசாணா பக்கத்து மக்களும் சௌராஷ்டிரக் கிராமத்து மக்களும் ‘ஸாரு ச்சே’ (நன்றாயிருக்கிறது) என்பதை ‘ஹாரு ஸே’ என்றுதான் சொல்வார்கள். இரண்டு மாற்றமும் அந்த இரண்டே சொல்லில் இருக்கிறது பாருங்கள், ஸ் ஹ ஆனது, ச் ஸ் ஆனது. எங்கள் தெருவில் மேசாணாக்காரர் ஒருவர் துணிக்கடை வைத்திருந்தார், வசதியானவர், அவர் ‘ஹாரு ஸே’ என்றால் ‘ஆஹா, ஊர்ப் பேச்சு, என்ன இனிமை’ என்பார்கள். அதே வாக்கியத்தை தாகோதிலிருந்து கட்டட வேலைக்கு வந்த பீல் ஆள் சொன்னால் ‘பேசத் தெரியவில்லை’. சின்ன வயதில் எனக்கு இது புரியவே இல்லை. இப்போது புரிகிறது, காதில் விழுந்த ஒலி ஒன்றுதான், சொன்ன ஆளைப் பார்த்து மதிப்புப் போட்டிருக்கிறார்கள்.

ராஜஸ்தானில் மார்வாரி, மேவாரி பேசுகிறவர்களிடமும் ஸ் ஹ ஆவதைக் கேட்கலாம். ஆக வடக்கு குஜராத்தில் தொடங்கி ஆரவல்லி மலையோரம் வரை ஒரே பரப்பு, அதன் நடுவில் பீலி உட்கார்ந்திருக்கிறது. யார் யாரிடமிருந்து எடுத்தார்கள் என்று பிரிப்பதே கஷ்டம்.

மட்டக்களப்பான்

ஓலைக்கணக்கன் ஐயா எழுதின “ச் முதலில் வந்து ஸ் ஆகியிருந்தால் எல்லாம் ஹ ஆகியிருக்கும்” என்ற வரியை வாசிச்சதும் எழும்பி உட்கார்ந்துவிட்டேன். அப்படி ஆன மொழி ஒன்றோடுதான் நாங்கள் சிறுவயதில் இருந்து இருக்கிறோம். சிங்களம்!

சிங்களத்தில் நாலு ‘ஹதர’, ஏழு ‘ஹத’. கை என்றால் ‘அத’. பழைய எழுத்து நடையில் நாலை ‘ஸதர’ என்றும் எழுதுவார்கள், அதாவது ச் ஸ் ஆகி, பிறகு ஹ ஆகியிருக்கிறது. நிலவும் அப்படித்தான், இலக்கியத்தில் ‘ஸந்த’, கதைக்கும்போது ‘ஹந்த’, நாங்கள் சந்திரன் என்பதன் உறவுச் சொல். ஐந்து ‘பஹ’, ஆறு ‘ஹய’, பத்து ‘தஹய’. கையில் மட்டும் ஹ விழுந்து ‘அத’ என்று நிற்கிறது, பீலியின் ‘ஆத்’ போல.

நான் கண்டியில் படிச்ச காலத்தில் கடைக்குப் போய் ஹதர, ஹத இரண்டையும் மாற்றிச் சொல்லி நாலு பாண் (ரொட்டி) வாங்கப் போன இடத்தில் ஏழு பாணோடு வந்திருக்கிறேன். பீலி பேசுகிற பிள்ளைக்கு அந்தத் தொல்லை இல்லை, ஸார், ஹாத் என்று வெவ்வேறாகக் கேட்கும். பீலியும் சிங்களமும் இந்தோ-ஆரியம்தான், ஆனால் ஒன்றுக்கொன்று எவ்வளவு தூரத்தில்! ஒரே மாற்றங்கள், வரிசை வேறு, முடிவும் வேறு. இதை நான் இதுவரை யோசிச்சதே இல்லை, கேள்வி கேட்ட தம்பிக்கு நன்றி.

வில்லாளன்

எல்லோரும் ஸ், ஹ என்று போய்விட்டீர்கள், வில்லை விட்டுவிட்டீர்கள். தமிழில் வில், கன்னடத்தில் பில்லு. பீல் மக்கள் வில்லுக்குப் பேர் போனவர்கள், இன்றைக்கும் ஹோலியை ஒட்டி நடக்கும் பகோரியா சந்தைக்கு வில் அம்போடு வருகிறார்கள். பெயரே நம் சொல். அப்படியிருக்க மொழி மட்டும் எப்படி ஆரியம்? யாரோ மேலே பூசிய பூச்சாக இருக்கலாம், அடியில் திராவிடம்தான் இருக்க வேண்டும்.

ஓலைக்கணக்கன்

வில்லாளன், உங்கள் ஆர்வம் எனக்கும் உண்டு, அதனாலேயே இதில் நிதானமாகப் போக வேண்டும் என்று நினைக்கிறேன்.

பீல் என்ற பெயர் வில்லிலிருந்து வந்தது என்பது பலர் சொல்லும் கருத்து, ஒதுக்கித் தள்ள வேண்டியதில்லை. கன்னட ‘பில்லு’ அருகில் வருகிறது. சமஸ்கிருத நூல்களில் ‘பில்ல’ என்று இந்த மக்களைக் குறிக்கும் சொல் இருக்கிறது. ஆனால் அந்தச் சொல்லின் முதலொலி மூச்சு சேர்ந்த ப, ‘பாரதம்’ என்பதை வடக்கே சொல்லும்போது வருமே, அது. பழைய திராவிடத்தில் மூச்சொலிகளே கிடையாது. சாதாரண ‘ப்’ எப்படி மூச்சு வாங்கியது என்று காட்டாத வரை இது ஊகமாகவே நிற்கும்.

சரி, பெயர் திராவிடம் என்றே வைத்துக்கொள்வோம். பக்கத்து ஊர்க்காரன் வைக்கும் பெயருக்கும் வீட்டில் பேசும் மொழிக்கும் தொடர்பு இருக்க வேண்டியதில்லை. ஒரு மொழி எந்தக் குடும்பம் என்று பார்க்க எண்கள், பிரதிப்பெயர்கள், வினைமுடிவுகள், வேற்றுமை உருபுகளைப் பார்ப்பார்கள். பீலியில் ‘உடைய’ என்பதற்கு நோ, நீ, நு என்று பால் பார்த்து மாறும் உருபு, குஜராத்தியில் இருப்பதே. ஏழு என்ற எண்ணையே பாருங்கள். ஸப்த, ஸத்த, ஸாத், ஹாத். சமஸ்கிருதத்தில் ‘ப்த்’, பிராகிருதத்தில் இரட்டைத் ‘த்த்’, அதில் ஒன்று விழுந்தபோது முன்னால் இருந்த உயிர் நீண்டு ‘ஸாத்’, அதன்மேல் பீலியின் ஹ. ஒவ்வொரு படியும் இடைவெளி இல்லாமல் தெரிகிறது. இது மேலே பூசிய பூச்சு இல்லை, அடித்தளமே இதுதான்.

பீல் மக்களின் முன்னோர் ஒரு காலத்தில் வேறு மொழி பேசியிருக்கலாம் என்று சொன்ன ஆய்வாளர்கள் உண்டு. அது நடந்திருக்கக் கூடியதே. அந்த மொழி திராவிடமாகத்தான் இருந்திருக்க வேண்டும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதே சாத்பூரா மலைப் பக்கம், மகாராஷ்டிராவின் புல்டாணா மாவட்டத்தில், சில ஆயிரம் பேர் பேசும் நிஹாலி என்று ஒரு மொழி இருக்கிறது. ஆரியம், திராவிடம், முண்டா எதிலும் சேராத தனி மொழி. அந்த மலைகளில் நமக்குப் பெயர் தெரியாத எத்தனையோ மொழிகள் இருந்திருக்கும் என்பதற்கு நிஹாலி ஒரு மிச்சம். நாம் போய் எல்லாவற்றையும் தமிழோடு கட்டிப்போட்டால் அவர்களுடைய கதை மறைந்துவிடும். அவர்கள் மொழியை இந்தியின் கொச்சை என்பவர்களும் அவர்களைக் கேட்கவில்லை, தமிழின் கிளை என்று சொன்னால் நாமும் கேட்காதவர்கள் ஆகிவிடுவோம்.

உங்களுக்குப் பிடித்த ஒன்று இருக்கிறது. பீலியின் பல பேச்சுவகைகளில் ள உண்டு, நம் ‘பள்ளி’யில் வருவதே. நிலையான இந்தியில் அது கிடையாது, குஜராத்தி, மராத்தி, ராஜஸ்தானியில் உண்டு. நர்மதைக்கரை அவர்களே, உங்கள் கூட வேலை பார்க்கும் இந்திக்காரர்களைவிட உங்களுக்கு இது எளிதாகக் காதில் விழும். மூக்கொலி உயிர்களும் அப்படித்தான். ‘வந்தான்’ என்பதைப் பேச்சில் சொல்லும்போது கடைசியில் ன் போய் ஆகாரமே மூக்கில் ஒலிக்கிறதே, அதே மாதிரி உயிர்கள் பீலியில் நிறைய.

தேன்கூடு

நான் ராஜஸ்தானில் டுங்கர்பூர் மாவட்டத்தில் இரண்டு வருஷம் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தேன், அங்கே வாகடி. இந்த உரையாடலைப் படித்தபோது பழைய நோட்டுகளை எடுத்துப் பார்க்கத் தோன்றியது, எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

இரண்டாம் வகுப்புக் குழந்தைகள் இந்தியில் ஸாத் என்று எழுதச் சொன்னால் ‘ஹாத்’ என்று எழுதுவார்கள். நான் போவதற்கு முன்னால் அங்கே இருந்தவர் சிவப்பு மையில் அடித்து அடித்து நோட்டு முழுக்கக் கோடு. ஒரு பெண் குழந்தை, பெயர் வேண்டாம், வாய் திறக்கவே மாட்டாள். அவளுக்கு எது தப்பு என்று யாரும் சொல்லவில்லை. வீட்டில் அம்மா சொல்கிற எண்ணை எழுதினால் கோடு விழுகிறது, அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்தது.

நான் மொழியியல் படித்தவள் இல்லை, இருந்தாலும் ஒரு மாதத்தில் ஒரு ஒழுங்கு இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. அப்புறம் கரும்பலகையை இரண்டாகப் பிரித்தேன். இடது பக்கம் ‘வீட்டில்’, வலது பக்கம் ‘புத்தகத்தில்’. வீட்டில் ஹ வந்தால் புத்தகத்தில் ஸ். வீட்டில் ஸ் வந்தால் புத்தகத்தில் பெரும்பாலும் ச். குழந்தைகளே சொற்களைக் கொண்டுவந்தார்கள், நல்லது, மாமியார், நாலு, நூறு என்று பலகை நிறைந்துவிட்டது. ஓலைக்கணக்கன் சொன்ன மோதாமை எங்களுக்கு எவ்வளவு உதவியது தெரியுமா? வரிசை கலையாமல் நகர்ந்திருப்பதால் திரும்பி வரவும் வழி இருக்கிறது. சிங்களம் மாதிரி எல்லாம் ஹ ஆகியிருந்தால் எந்த ஹவுக்கு ஸ், எந்த ஹவுக்கு ச் என்று குழந்தை மனப்பாடம்தான் செய்ய வேண்டியிருந்திருக்கும். அந்தப் பெண் ஒரு நாள் எழுந்து வந்து பலகையில் ஒரு சொல்லைத் தானே எழுதினாள், இரண்டு பக்கமும் சரியாக.

தப்பு என்ற சொல்லை மட்டும் அந்த வகுப்பில் நான் பயன்படுத்தவில்லை. வீட்டுப் பேச்சும் சரி, புத்தகமும் சரி.

இதற்கு மறுபக்கமும் உண்டு. இந்தி பேசும் ஆசிரியர் ‘ஸ’ என்று சொன்னால் அந்தக் குழந்தையின் காதில் அது ச்சார் வகைச் சொல்லாகத்தான் போய் விழுகிறது. ஆக முதல் வருஷம் ஆசிரியர் சொல்வதும் அவர்களுக்குப் பாதி புரிவதில்லை. அவர்களை மந்தம் என்கிறார்கள்.

உயிரொலிகளைப் பற்றி யாரும் சொல்லவில்லையே? குஜராத்தின் கேட்பிரம்மா பக்கத்து டுங்கரி பீல் மக்களின் வாய்மொழிக் காவியங்களைப் பகவான்தாஸ் படேல் வருஷக்கணக்கில் பதிவு செய்து அச்சில் கொண்டுவந்தார். அவர்களுடைய ராமாயணக் கதையில் ராமன் ‘ரோம்’. ஆகாரம் அங்கே ஓகாரம் பக்கம் சாய்கிறது. அந்தக் கதைகளை அச்சில் போடும்போது ‘ராம்’ என்று திருத்தாமல் ‘ரோம்’ என்றே விட்டாரே, அதற்காகவே அவரைக் கும்பிடத் தோன்றும்.

நர்மதைக்கரை

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை. இரண்டு வாரமாகக் கவனித்ததைச் சொல்கிறேன்.

அன்றைக்கு எனக்கு நானூறு என்று விளக்கிய பையன் மறுபடி வந்தான், கல்லூரியில் படிக்கிறான். என்னிடம் டோக்கன் எண்ணை ‘ஸாத்’ என்றான், திரும்பித் தன் பாட்டியிடம் அதையே ‘ஹாத்’ என்றான். அரை நிமிஷத்துக்குள் இரண்டும். நான் அவனிடம் ‘ஹாத்’ என்றே சொல்லலாமே, எனக்குப் புரியும் என்றேன். சட்டென்று தலையைக் குனிந்துகொண்டான். பிறகு மெதுவாக, பள்ளியில் அப்படிச் சொன்னால் சிரிப்பார்கள் என்றான். தேன்கூடு அக்கா எழுதியதை அன்றைக்கு ராத்திரிதான் படித்தேன், அந்த முகம் ஞாபகத்துக்கு வந்துகொண்டே இருந்தது.

கூட வேலை பார்க்கும் அந்த நண்பரிடமும் பேசினேன். ஸார், ஹாத், ஆத் மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். ஏற்றுக்கொண்டாரா தெரியாது, ஆனால் அவர் ஊர் மார்வார் பக்கம், தாளைப் பார்த்துவிட்டு “எங்க பாட்டியும் ஹாத் என்றுதான் சொல்வாள்” என்றார். அதற்கப்புறம் நாக்கு திரும்பாது என்ற பேச்சு அவரிடமிருந்து வரவில்லை.

கவுண்ட்டருக்கு என் பக்கம் ஒரு அட்டை ஒட்டிவைத்திருக்கிறேன், ஒன்று முதல் பத்து வரை, நூறு, ஆயிரம், பீலியில் சொல்கிறபடியே தேவநாகரியில். இனி யாரையும் மூன்று முறை கேட்க வைக்கக் கூடாது. அந்த அம்மா நேற்று வந்தார். தொகையை நானே “ஸார் ஹோ?” என்று கேட்டேன். இல்லை, இந்த முறை ‘ஹாத் ஹோ’ என்றார்.

ஒரு சந்தேகம் மிச்சம். அலிராஜ்பூர் பக்கமிருந்து வரும் சிலர் நூறை ‘ஹோ’ என்று சொல்லாமல் ‘ஸோ’ என்றே சொல்கிறார்கள். இந்தியின் தாக்கமா, அல்லது அவர்கள் பேச்சே வேறா?

ஓலைக்கணக்கன்

அவர்கள் பேசுவது பிலாலியாக இருக்கலாம், அங்கே ஸ் அப்படியே நிற்கும் சொற்கள் உண்டு. நூறை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், பணம் பற்றிய சொல் கடைத்தெருவிலிருந்து சீக்கிரம் தொற்றிக்கொள்ளும். மாமியாரையும் நல்லதையும் கேட்டுப் பாருங்கள், வயதானவர்களிடம், அவர்கள் தங்களுக்குள் பேசும்போது. இரண்டிலும் ஸ் நின்றால் அது அவர்கள் பேச்சு. நூறில் மட்டும் நின்றால் இந்தி. எந்த ஊர், என்ன வயது என்று பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள், அடுத்த சந்தை நாளுக்கு அப்புறம் இங்கேயே போடுங்கள்.